சைக்கிள் திறப்பு வாங்கும் மிஸி

அந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்கப் போகிறவர், கட்டிலில் ஏறுவதற்கு முன் தன் சைக்கிள் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். இரத்தம் எடுக்கும் தாதி, எங்கள் மிஸி, உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பெயர், ஊர், வயது எல்லாம் அதற்குப் பிறகுதான். திறப்பு கைக்கு வந்ததும் அதை ஒரு பழைய ஜாம் போத்தலுக்குள் போட்டு, மூடியை இறுக்கி, மேசைக்குக் கீழே தன் காலருகில் வைத்துக்கொள்வார். பார்க்கிற எவருக்கும், இந்த மனுசி இரத்தம் எடுக்க நிற்கிறாரா, சைக்கிள் பிடிக்க நிற்கிறாரா என்று ஐமிச்சம் வரும். எனக்கும் வந்தது. அந்த ஐமிச்சத்தோடுதான் கனகாலம் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

நாங்கள் முரசுமோட்டையில் வயல் செய்தவர்கள். சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க எழும்பி ஓடிய காலத்தில் உடையார்கட்டுப் பக்கம் வந்து ஒதுங்கினோம். ஆஸ்பத்திரியும் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்து, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடியிருந்தது. வயல் இல்லாதவன் என்ன செய்வது? அதன் வாசலுக்கு எதிரே நாலு கம்பு நட்டு, கிடுகு போட்டு, ஒரு தேத்தண்ணிக் கடை திறந்தேன். இரத்தம் கொடுத்து முடிந்தவர்களுக்குச் சீனி கூடப் போட்டுத் தேநீர் கொடுக்கும் வேலையை மிஸி எனக்குத் தந்தார். அப்படித்தான் பழக்கமானோம். பழக்கம் என்று சொல்கிறேனே தவிர, அவர் என்னை ஒரு நாளும் நம்பியதில்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், "ஆரைக் கேட்டு எழுதினனீர்?" என்று எங்கிருந்தாவது வந்து நின்றாலும் நிற்பார்.

நாற்பது தாண்டிய வயது. நெடிய, மெலிந்த உருவம். நீலம் கூடிப்போன வெள்ளைச் சட்டை. அவரிடமும் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதன் திறப்பைச் சட்டையில் ஓர் ஊக்கினால் குத்தி வைத்திருப்பார். ஊரார் திறப்பையெல்லாம் வாங்கிப் போத்தலில் போடுகிறவர், தன் திறப்பை மட்டும் நெஞ்சோடு வைத்திருந்தது எங்களுக்கு இன்னும் கண்ணை உறுத்தியது. அவர் எங்கேயும் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை. என் கடைக்கு வந்தாலும் நின்றபடியேதான் பேசுவார். பலகை வாங்கில் இருக்கச் சொன்னால், தாங்குமோ என்று வாங்கின் காலைக் குனிந்து பார்ப்பார்.

சீனி பவுணாக இருந்த நாட்கள் அவை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேயிலைச் சாயத்தைக் குடிப்பதுதான் எங்கள் வழக்கம். இரத்தம் கொடுத்தவருக்கு மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து கொஞ்சம் சீனி வரும். நான் அதைக் களவெடுத்து வேறு ஆட்களுக்குக் கலக்குகிறேன் என்பது மிஸியின் நினைப்பு. காலையில் வீதியைக் கடந்து வந்து முதல் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்.

"இதுக்குச் சீனி போட்டனீரோ, காட்டினனீரோ?"

"போட்டனான் மிஸி. ரெண்டு கரண்டி."

"எந்தக் கரண்டி?"

கரண்டியைக் காட்டினேன். அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக் குசினியிலிருந்து ஒரு பெரிய கரண்டியைக் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி என் கடைக் கம்பில் தொங்கவிட்டுப் போனார். கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைக் காட்டி என்னைப் பகிடி பண்ணினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யன்னலுக்கு நேரே என் கடை. ஆகவே உள்ளே நடக்கும் விசாரணை முழுவதும் எனக்குக் கேட்கும்.

"என்ன சாப்பிட்டனீர்?"

"புட்டு, மிஸி."

"என்ன கறி?"

"கத்தரிக்காய்."

"ஆர் சமைச்சது?"

"மனுசி."

"கறிக்கு உப்புக் காணுமோ, கூடவோ?"

இந்த இடத்தில்தான் ஆள் அகப்படுவான். உண்மையில் சாப்பிட்டவன் உடனே மனைவியின் சமையலைப் பற்றி ஏதாவது குறை சொல்லுவான். சாப்பிடாதவன் யோசிப்பான். யோசித்தால் போச்சு. மிஸி அவனுடைய கையைப் பிடித்து எழுப்பி, என் கடைப் பக்கம் தள்ளிவிடுவார். அவன் சாப்பிட்டு முடிந்ததும் நான் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டினாலும் விடமாட்டார். அவனிடம் எத்தனை இடியப்பம் என்று கேட்டுவிட்டு, யன்னலால் தலையை நீட்டி என்னிடமும் கேட்பார். இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் ஊசி.

எங்கள் சனத்திலும் பிழை இருந்தது. இரத்தம் கொடுப்பது புண்ணியம், புண்ணிய காரியத்துக்குத் தலை தோய்ந்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். கோயிலுக்கு வருகிற மாதிரியே வருவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் சொல்லத் தேவையில்லை. சாப்பிட்ட கையோடு கொடுத்த இரத்தம் ஏற்றுகிறவருக்குச் செமிக்காது என்று ஒருவர் மிஸியிடமே வாதாடினார். பாதிப் பேர் பொய் சொன்னது இந்தப் பக்தியினால்தான். மிஸிக்கு அது வெறும் கள்ளம். கட்டிலில் வைத்து இரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயிறு காய்ந்தவர்கள் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். மிச்சப் பேர் நித்திரை முழித்தவர்கள், முதல்தரம் வந்தவர்கள், மெலிந்தவர்கள், "எனக்கொண்டும் பயமில்லை" என்று பெரிய கதை கதைக்கிறவர்கள்.

மெலிந்த ஓர் இளந்தாரி ஒரு நாள் தராசில் ஏறினான். அவனுடைய சிநேகிதனுக்குச் சத்திரசிகிச்சை. முள் போதிய அளவு காட்டியது. மிஸி முள்ளைப் பார்க்கவில்லை, அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தார். பிறகு அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்பைத் தட்டினார். மடிக்குள் இருந்து ஒரு கருங்கல் அவர் காலடியில் விழுந்தது.

"கல்லில என்னெண்டு ரத்தம் எடுக்கிறது, தம்பி?"

அவன் அழுதுவிட்டான். அவர் இரங்கவில்லை. கல்லைக் கொண்டுவந்து என் கடை வாசலில் போட்டுவிட்டு, "உம்மட கடைக் கல்லோ?" என்று என்னிடம் கேட்டார். நான் என்ன, கல்லுக்கடையா வைத்திருந்தேன்!

ஒருவர் விழுவதைப் பார்த்தால் பக்கத்தில் கிடப்பவரும் விழுவார் என்பது அவருடைய இன்னொரு கணிப்பு. அதனால் கட்டில்களுக்கு நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்தார். அவ்வளவுதான். சேலைக்குப் பின்னால் ஒரு பைந்து இரத்தம் என்று சொல்லி இரண்டு பைந்து எடுக்கிறாராம் என்று சந்தை வரை கதை போய்விட்டது. திறப்பை வாங்குவதும் அதற்குத்தானாம். இடையில் ஓட முடியாதே. அவர் நெளுக்குளத்து ஆள் என்று சொல்லிக்கொள்வார். நெளுக்குளத்திலிருந்து வந்த ஒருவரோ, அப்படியொரு மிஸியைத் தான் அங்கே கண்டதேயில்லை என்று என் கடையில் இருந்து சத்தியம் பண்ணினார். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றார்கள் சிலர். சாமியே கும்பிடாத ஆள் என்றார்கள் வேறு சிலர். ஆர் என்ன சொன்னாலும் அந்தக் காலத்தில் நாங்கள் காது கொடுத்தோம். ஆரை நம்புவது என்று தெரியாத காலம்.

திறப்பு விசயத்தை ஒருமுறை நானே கேட்டுவிட்டேன்.

"ஏன் மிஸி, சனத்தின்ர சைக்கிளில உங்களுக்கு என்ன ஆசை?"

அவர் கோபிக்கவில்லை. வீதிக்கு அப்பால், வாய்க்கால் கட்டைப் பார்த்தார். குளத்து வாய்க்கால் அது. அந்தப் பக்கத்துச் சனம் வீட்டுக்குப் போவதும் வருவதும் அதன் ஒற்றையடிப் பாதையால்தான்.

"விழுறவன் கட்டிலில விழுந்தா நான் பிடிப்பன். சில பேர் கட்டிலில சிரிச்சுக்கொண்டு கிடப்பினம். எழும்பிச் சைக்கிள் எடுத்துப் பாதி வழி போனாப் பிறகுதான் தலை சுத்தும். அங்க ஆர் பிடிக்கிறது?"

"அப்பிடி ஆரும் விழுந்தவையோ?"

"தேத்தண்ணி ஆறுது. ஊத்தும்."

அவர் முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் இரத்தம் கொடுத்துவிட்டுப் போகும் வழியில் வாய்க்காலுக்குள் விழுந்தார் என்று பிறகு ஒரு கதை கேள்விப்பட்டேன். விழுந்தது அவருடைய சொந்தக்காரன் என்று ஒரு கதை. அப்படி எவரும் விழவேயில்லை என்று ஒரு கதை. மூன்றையும் நான் நம்பவில்லை.

சைக்கிளுக்குப் பூட்டு இல்லை என்று சொல்லித் தப்பப் பார்த்தவனுக்குச் சில்லுக் காற்றைத் திறந்துவிட்டார். கட்டிலிலிருந்து அவசரமாக எழும்பப் பார்க்கிறவனுடைய சாரத்தின் நுனியைக் கட்டில் காலோடு முடிந்துவிடுவார். எழும்பினால் ஆள் வருவான், சாரம் வராது. இதற்குப் பயந்தே எல்லோரும் ஆடாமல் அசையாமல் கிடந்தார்கள்.

எனக்கு அவர்மேல் முதன்முதலில் மதிப்பு வந்தது ஒரு கொட்டாவியால். இரத்தம் கொடுத்துவிட்டு என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். அவ்வளவுதான். மிஸி வீதியைக் கடந்து ஓடிவந்து, அவருடைய கையிலிருந்த கோப்பையைப் பறித்து, ஆளை வாங்கில் சரித்து, இரண்டு கால்களையும் தூக்கி என் தோளில் போட்டார். "மிஸி, எனக்கு நித்திரை வந்தது" என்று அந்த மனிதர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுண்ணாம்பாக வெளிறியது. கண் சொருகியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தபோது, தன் கால்கள் ஏன் என் தோளில் கிடக்கின்றன என்று கேட்டார்.

"மேலுதட்டைப் பாரும்," என்றார் மிஸி என்னிடம். "வேர்வை அங்கதான் முதல் வரும். கொட்டாவியும் வந்தா விடாதையும்."

அன்றிலிருந்து நானும் கடைக்கு வருகிறவர்களுடைய மேலுதட்டைப் பார்க்கத் தொடங்கினேன். சந்தேகம் தொற்று நோய்தான் போலும்.

இனி என் தங்கச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்துப் பல வருடங்கள் அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய கணவர், என் மச்சான், உழவு மெஷின் ஓடுகிறவர்; அதிகம் பேசாத, சாமி பக்தி கூடின மனிதர். கந்தசட்டி ஆறு நாளும் விரதம் பிடித்த அடுத்த மாதங்களில் அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. உடனே மச்சான் நேர்த்தி வைத்தார்: பிள்ளை நல்லபடி பிறக்க, வருகிற சட்டிக்கு மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படியே ஆறாம் நாள் ஆறு மிளகு. அதோடு தண்ணீர். வேறொன்றும் வாயில் படக்கூடாது. ஆறாம் நாள் பின்னேரம் கோயிலில் சூரன்போர் முடிந்து, தோய்ந்த பிறகுதான் சோறு.

பிள்ளை அந்த ஆறாம் நாள் விடிய வந்து பிறந்தது. பெண் பிள்ளை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தங்கச்சிக்குத்தான் இரத்தப்போக்கு நிற்கவில்லை. இருந்த ஒரு பையை ஏற்றிவிட்டார்கள். மத்தியானம் திரும்பும்போது, இன்னொன்று உடனே வேண்டும் என்றார் டொக்டர். வெளியில் மாரி மழை அடித்து ஊற்றியது. வீதிக்கு மேலால் வெள்ளம். வழக்கமாக இரத்தம் கொடுக்கிற ஒருவர் வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியவில்லை. என் இரத்தம் அவளுக்குச் சேராது. மச்சானுடையது சேரும்.

மச்சான் மிஸியின் மேசைக்கு முன் போய் நின்றார். இரவு முழுக்கக் கண் மூடாதவர், முதல்தரம் கொடுக்க வந்தவர், சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறார். இந்த ஆள் விழுவார் என்று அப்போது நானே சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளே கிடப்பவள் என் தங்கச்சி.

திறப்பைக் கேட்டார் மிஸி. கொடுத்தார்.

"என்ன சாப்பிட்டனீர்?"

"சோறு."

"ஆர் சமைச்சது? மனுசி இங்கயல்லோ கிடக்கிறா."

"மச்சான்ர கடையில."

மிஸி என் பக்கம் திரும்பினார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மறுபடி மச்சானிடம் திரும்பி, கிட்டப் போனார்.

"வாயைத் திறவும்."

"ஏன் மிஸி?"

"திறவும்."

மச்சான் திறந்தார். மிஸி மூக்கைச் சுருக்கினார்.

"சோறு திண்ட வாயில மிளகு மணக்குமோ? எத்தினையாம் நாள்?"

"ஆறு," என்றார் மச்சான், குனிந்தபடி.

"நான் எடுக்கமாட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இத்தனை வருடமாக மனதில் கிடந்ததெல்லாம் சேர்ந்துகொண்டது.

"மிஸி, அங்க அவள் கிடக்கிற கிடை தெரியுமோ உங்களுக்கு? இவர் விழுந்தா விழட்டும். எடுங்கோ!"

"இவர் பாதியில விழுந்தா அரைப் பைதான் வரும். அதை அவவுக்கு ஏத்தேலாது. இவரும் கட்டிலில, அவவும் கட்டிலில. பேந்து என்ன செய்வீர்? சாப்பிடச் சொல்லும், எடுக்கிறன்."

"சாப்பிடமாட்டன் மிஸி," என்றார் மச்சான். அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "இது இந்த விரதத்தில வந்த பிள்ளை. சூரன்போருக்கு முன்னம் நான் வாயில வைச்சா அவள் போயிடுவாள். எனக்குத் தெரியும். இப்பிடியே எடுங்கோ."

நான் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கம் கல்லு மாதிரி மச்சான், மற்றப் பக்கம் கல்லு மாதிரி மிஸி, நடுவில் என் தங்கச்சி செத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரையும் அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

மிஸி சட்டென்று வெளியே போனார். வாசலில் நின்று மழையைப் பார்த்தார். திரும்பி வந்து, போத்தல் மூடியை இறுக்கியபடி, ஒரு சாதாரண விசயம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"சூரன்போர் முடிஞ்சுதாம்."

"இப்பவோ?" மச்சான் நிமிர்ந்தார். "பின்னேரம்தானே!"

"வெள்ளம் ஏறுதெல்லோ. ஆக்கள் வெளிச்சத்தோட வீடு போகட்டும் எண்டு மத்தியானமே முடிச்சிட்டினம். கோயிலால வந்த ஆள் இப்பதான் சொல்லிப்போட்டுப் போகுது."

எந்த ஆளும் வரவில்லை. இரத்தம் கொடுக்க எவராவது வருவார்களா என்று விடியத் தொடங்கி அந்த வீதியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாய்கூட வரவில்லை.

மச்சான் என்னைப் பார்த்தார். "உண்மையோ மச்சான்?"

மிஸியும் என்னைப் பார்த்தார். என் கரண்டியைப் புரட்டிப் பார்த்த மனுசி, என் இடியப்பக் கணக்கை நம்பாத மனுசி, இப்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மச்சான்," என்றேன். "நானும் கேள்விப்பட்டனான்."

அவர் இன்னும் தயங்கினார். "தோயாமல் என்னெண்டு சாப்பிடுறது?"

"விடியத் தொடங்கி மழையிலதானே நிண்டனீர்," என்றார் மிஸி. "இதைவிட என்ன தோய்ச்சல்?"

கடைக்கு ஓடி, மீன் இறைச்சி படாத விரதச் சட்டியில் வடித்து வைத்திருந்த கஞ்சியில் உப்பைப் போட்டு எடுத்துவந்தேன். மச்சான் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கும்பிட்டுவிட்டுக் குடித்தார். பிறகு பெரிய கரண்டியால் சீனி போட்ட தேநீர். மிஸி அப்போதும் உடனே எடுக்கவில்லை. வயிற்றில் கஞ்சி தங்கட்டும் என்று நிறுத்தி வைத்தார். உள்ளேயிருந்து தாதி ஒருத்தி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். மிஸி மச்சானுடைய மேலுதட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

கடைசியில் கட்டிலில் ஏற்றினார். சாரத்தை முடிந்தார். காலோடு காலைக் கோத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். உழவு மெஷினுக்கு எத்தனை கியர், சேற்றில் இறுகினால் எப்படி எடுப்பீர், கலப்பை உடைந்தால் ஆர் ஒட்டித் தருவது என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் பதில் சொல்லிச் சொல்லியே பையை நிரப்பிவிட்டார். அவர் விழவில்லை. விழப் பார்த்தவன் நான். அந்தக் குழாய்க்குள் இரத்தம் ஓடுவதைப் பார்த்தபடி ஒரு கொட்டாவி விட்டேன். மிஸி என் சட்டையைப் பிடித்து இழுத்து நிலத்தில் இருத்தினார்.

"உம்மை ஆர் உள்ள விட்டது?"

தங்கச்சி பிழைத்தாள். பின்னேரம் மழை விட்டது. அதற்குப் பிறகுதான், மிகத் தெளிவாக, கோயிலில் சூரன்போர் மேளம் கேட்டது.

அடுத்த நாள் மிஸி கடைக்கு வந்து தேநீரைச் சுவைத்தார். நன்றி சொல்லலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நேற்று முகம் மாறாமல் நல்லாப் பொய் சொன்னனீர். அப்ப இவ்வளவு நாளும் சீனி போட்டனான் எண்டு சொன்னதும் இப்பிடித்தானோ?"

மச்சான் என்னோடு பல நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்குத் தடிமன் வந்து மூக்கு ஒழுகினாலும், காய்ச்சல் வந்தாலும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை பிள்ளைக்கு வலிப்பு வந்து அடங்கியபோது அவரால் பொறுக்க முடியவில்லை. நேரே மிஸியிடம் போய்க் கேட்டுவிட்டார்.

"உங்களால என்ர விரதம் முறிஞ்சுது. இப்ப பிள்ளையைப் பாருங்கோ."

"பொய் சொன்னது நான்," என்றார் மிஸி. "பழி வந்தா அது என்ர பாடு. நீர் பிள்ளைக்கு மருந்தை ஒழுங்காக் குடும்."

மச்சான் திரும்பி வந்து, "அந்த மனுசிக்குச் சாமிப் பயமே இல்லை" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுவருடம் மாரி வந்தது. சட்டி தொடங்கியது. மச்சான் மறுபடியும் மிளகு விரதம் பிடித்தார். பிள்ளை தவழ்ந்து திரிந்தது. அந்த நாட்களில் மிஸி என் தேநீரைச் சுவைத்துப் பார்க்கவில்லை. கோப்பையை எடுப்பார், நிறத்தைப் பார்ப்பார், வைத்துவிட்டுப் போவார். ஒரு வழியாக என்மேல் நம்பிக்கை வந்துவிட்டதாக்கும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தங்கச்சியிடமும் சொன்னேன். அவள் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது சரியாகப் படவில்லை. அந்த மனுசி ஆரையும் நம்புகிற ஆள் அல்லவே.

சூரன்போர் அன்று வேலை முடிந்து, என் கடை மரத்தடியில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்க வந்தார். குளிர் காற்று அடிக்கிறது, ஆனால் அவருடைய மேலுதட்டில் வேர்வை. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டார். வாய்க்கால் இரு கரையும் முட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வழியும் அந்தக் கட்டால்தான். நான் அடுப்பை விட்டு எழும்பிப் போய்ச் சைக்கிளுக்கு முன்னால் நின்றேன்.

"என்ன சாப்பிட்டனீங்கள் மிஸி?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சோறு."

"என்ன கறி?"

"ரசம்."

"ஆர் வைச்சது?"

"நான்தான். விலத்தும், பொழுது படுது."

"உப்புக் காணுமோ?"

அவர் யோசித்தார்.

கிட்ட நின்றபடியால் எனக்கும் மணந்தது. மிளகு. ரசத்தின் மிளகு வாசம் வேறு. அதில் புளியும் உள்ளியும் இருக்கும். இது காய்ந்த வாயில் கடித்த வெறும் மிளகு. என் மச்சானுடைய வாயில் மிஸிக்கு மணந்த அதே மிளகு.

"தங்கச்சியின்ர பிள்ளைக்கோ?" என்று கேட்டேன்.

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். முறித்த விரதத்தைத் தானே பிடித்துக் கொடுக்கிறாரா, இல்லை, ஆறு நாள் மிளகு தின்றவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று தன்மேலேயே சோதித்துப் பார்க்கிறாரா, அது எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் இரண்டும் நடக்கக்கூடியதுதான்.

நான் உள்ளங்கையை நீட்டினேன்.

"திறப்பைத் தாங்கோ மிஸி."

"ஏன்? என்ர சைக்கிளை என்ன செய்யப் போறீர்?"

நான் கையை எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு ஊக்கைக் கழற்றி, திறப்பை என் கையில் வைத்தார். நான் அதைச் சீனிப் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கினேன். கோயிலில் சூரன்போர் முடிகிற வரைக்கும், என் கடை வாங்கில், முதல்தரமாக, அவர் உட்கார்ந்திருந்தார்.